கட்டிலும் தாங்கியும்

யோகலிங்கம் பழைய பத்திரிகைத் தாளொன்றைச் சதுரமாகக் கிழித்து, அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்துவிட்டு, முழங்காலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டடிக்கு இரண்டடி. வாங்கப்போகிற சுடுதண்ணீர்த் தாங்கியின் அடிப்பாகம் இவ்வளவுதான் என்று, கீழே குசினியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த குருமூர்த்தி சொல்லியிருந்தான். உயரம் ஓராள் உயரம். அதைப் பற்றிக் கவலையில்லை. தென் லண்டனில் இப்படிப்பட்ட பழைய வரிசை வீடுகளில் மேலே போவதற்கு இடம் தாராளமாக இருக்கும், பஞ்சமெல்லாம் தரையில்தான். குழாய்கள் வருகிற வழியால் தாங்கி குளியலறைச் சுவரோடு ஒட்டித்தான் நிற்க வேண்டும். அந்தச் சுவரோடு இப்போது அக்காவின் கட்டில் கிடந்தது. யோகலிங்கம் அளவுநாடாவை இழுத்து யன்னல் பக்கச் சுவரை அளந்தார். ஏழடி. கட்டிலை அளந்தார். ஆறேகால். நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை அளந்து பார்த்தார், நாடா மனம் மாறவில்லை. கட்டிலைத் திருப்பி யன்னலோடு போட்டால் தாங்கியும் நிற்கும், அக்காவும் படுப்பார், நடுவில் ஒரு கதிரையும் வைக்கலாம். கதவு மட்டும் முழுசாகத் திறக்காது, முக்கால்வாசி திறக்கும். அக்காவின் உடம்புக்கு அரைக் கதவே கல்யாண மண்டப வாசல் மாதிரி.

"இஞ்சாருங்கோ, கட்டிலும் தாங்கியும் ரெண்டும் கொள்ளுமோ?" என்று படிக்கட்டின் அடியிலிருந்து சிவமலர் கேட்டாள்.

பதினாறு வருடம் குடும்பம் நடத்தியவருக்கு மனைவியின் குரலில் எந்தப் பதில் எதிர்பார்க்கப்படுகிறது என்பது தெரியும். தெரியும் என்றுதான் அப்போது நினைத்தார். பெருவிரலால் பொத்தானை அமத்தினார். நாடா பாம்பு மாதிரி ஓடிப் பெட்டிக்குள் ஒளிந்தது.

"கொள்ளாது" என்றார்.

யோகலிங்கம் பொய்யே பேசாத மனிதர் என்று அதுவரை அவர்மேல் எவரும் குற்றம் சாட்டியதில்லை. மொத்த வியாபாரக் களஞ்சியம் ஒன்றில் அரிசி மூட்டைகளுக்கும் எண்ணெய்த் தகரங்களுக்கும் சுப்பவைசர். அதைவிடப் பெரிய உத்தியோகம் பகிடி விடுவது. தமிழாட்களின் பிறந்தநாள், சாமத்தியவீடு எதுவானாலும் ஒலிவாங்கி கடைசியில் அவர் கையில்தான் வந்து நிற்கும். அறுபதாவது பிறந்தநாள் கொண்டாடியவரை எழுப்பி விட்டு "இவருக்கு இன்னும் கனகாலம் இருக்கு எண்டு டொக்டர் சொன்னவர், அந்த டொக்டர்தான் செத்துப் போனார்" என்பார். சனம் சிரிக்கும். சிரிப்பது அவருடைய மனைவியும் பிள்ளைகளும் தவிர்ந்த சனம்.

பிறகு அக்கா வந்து சேர்ந்தார்.

தவநாயகி, தம்பியை விடப் பத்து வயது மூப்பு. புருஷன் எப்போதோ போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி தொடங்கியபோது வீட்டுக் கூரையில் ஷெல் விழுந்து, கொழும்புக்கு வந்து, ஒருபடியாக லண்டனுக்கு வந்து, அகதி என்று பதிந்து, சின்ன அறையில் குடியேறினார். வந்த புதிதில் யோகலிங்கத்துக்கு அது பெரிய சந்தோஷம். அந்த வீட்டில் அவருடைய பகிடிக்குச் சிரிக்கிற முதல் ஆள் அக்காதான். மூக்கால் ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான், ஆனால் அது உண்மைச் சிரிப்பு. கொஞ்ச நாளில்தான் சிக்கல் விளங்கியது. அக்கா அவரை விட நன்றாகப் பகிடி விடுவார். அதுவும் ஒலிவாங்கி இல்லாமல், வெங்காயம் வெட்டிக்கொண்டு. வீட்டுக்கு வருகிற ஆட்கள் யோகலிங்கத்துக்குத் தலையாட்டிவிட்டு நேரே குசினிக்குள் போனார்கள். அங்கே அக்கா, தம்பி ஏழாம் வகுப்பில் பேச்சுப்போட்டி மேடையில் ஏறி, "அவையோர்களே" என்றதோடு காற்சட்டையை நனைத்துவிட்டு இறங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். களஞ்சியத்தில் அவருக்குக் கீழே வேலை செய்கிற பெடியன்களும் வந்து கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து யாரோ "அவையோர்களே" என்றான். ஒரு வீட்டில் இரண்டு கோமாளி இருந்தால் ஒரு ஆள் வெறும் பார்வையாளர். இதை யோகலிங்கம் ஒருவருக்கும் சொன்னதில்லை. தனக்குக்கூட.

சொல்லக்கூடிய காரணம் வேறொன்று இருந்தது, அது சுடுதண்ணீர். அந்த வீட்டைக் கட்டிய காலத்து வெள்ளைக்காரக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை குளித்து மிச்ச நாட்களில் முகம் கழுவியிருக்க வேண்டும். மேல்மாடி அலுமாரிக்குள் இருந்த செப்பு உருளை அந்தக் கணக்குக்குத்தான் தண்ணீர் வைத்திருந்தது. இப்போது ஐந்து பேர், ஐந்து பேரும் தினமும், எல்லாரும் காலையில். முதலில் அக்கா. விடியமுன் எழுந்து இரண்டு பிளாஸ்டிக் வாளியில் சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து, தொட்டிக்குள் குந்தியிருந்து, கோப்பையால் அள்ளி ஊற்றிக் குளித்த பிறகுதான் பிள்ளையார் படத்துக்கு விளக்கு வைப்பார். ஷவர் என்பது அவருடைய கணக்கில் மழை, மழையில் குளிப்பது ஆடு மாடு. அடுத்தது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற லோன்றியில் காலை ஷிப்ட் செய்கிற சிவமலர். பிறகு யோகலிங்கம், அவருக்குப் பின்னால் சின்னவள் ரமா. கடைசியில் பதினாலு வயது கிரிஜா தலைக்குச் சம்பூ போட்டுக்கொண்டு நிற்கும்போது ஷவர் பனிக்கட்டியாகும், அவள் ஆங்கிலத்தில் கத்துவாள், அடுத்த வீட்டுக்காரன் சுவரில் தட்டுவான். இரண்டு வாளியில் குளிக்கிற ஆள் ஷவரில் நிற்கிற ஆளை விடக் குறையத் தண்ணீர்தான் பாவிக்கிறார் என்பதை யோகலிங்கம் ஒருநாள் மனக்கணக்கில் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டார். முதலில் குளிக்கிறவர்மேல் பழி விழுவது இயற்கை.

அதனால்தான் அன்று, தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை, அக்கா விம்பிள்டன் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, குருமூர்த்தி வரவழைக்கப்பட்டிருந்தான். கோயம்புத்தூர்ப் பெடியன், எஞ்சினியர், ஸ்ட்ரெதமில் சொந்தமாக ஹீட்டிங் பூட்டுகிற தொழில். பழைய உருளையையும், அதற்குச் சூடு கொடுத்த அடுப்படிப் பொயிலரையும் பார்த்து அனுதாபமாகத் தலையை ஆட்டிவிட்டு, இரண்டே வழி இருக்கிறது என்றான். ஒன்று, குசினிச் சுவரில் மாட்டுகிற கொம்பி பொயிலர். தாங்கியே வேண்டாம், குழாயைத் திறந்தால் அந்த நேரமே தண்ணீரைச் சூடாக்கித் தரும். ஆனால் மேலே ஒருவர் குளிக்கும்போது கீழே ஒருவர் பாத்திரம் கழுவினால் இரண்டு பேருக்கும் அரைவாசிதான். மற்றது தேர்மல் ஸ்டோர். பொயிலர், பழைய அலுமாரிக்குள் அடங்காத பெரிய தாங்கியொன்று நிறையத் தண்ணீரைக் காய்ச்சிப் போர்த்துக் கட்டி வைத்திருக்கும். அறைகளைச் சூடாக்குகிற றேடியேற்றர்களுக்கும் அதிலிருந்தே சூடு. குழாய்த் தண்ணீர் அந்தத் தாங்கிக்குள் சுருண்டு கிடக்கிற செப்புக் குழாய்க்குள்ளால் ஓடி, தாங்கித் தண்ணீரைத் தொடாமலே சூடேறி வெளியே வரும். ஒன்றையொன்று தொடாது, ஆனால் உள்ளே கொதிக்கும்.

"எங்கடை வீடு மாதிரி" என்றார் யோகலிங்கம்.

குருமூர்த்தி சிரித்தான். சிவமலர் அவனுக்கு இன்னொரு வடையை வைத்தாள்.

வீட்டில் ஒரு நாளைக்கு ஆகக் கூடுதலாக எத்தனை குளிப்பு என்று குருமூர்த்தி கேட்டான். சாதாரண நாளில் ஐந்து என்றாள் சிவமலர். செத்தவீட்டுக்குப் போய் வந்தால் எல்லாரும் தலையில் தோய்ந்துவிட்டுத்தான் வீட்டுச் சாமான்களைத் தொடலாம், கூடப் போன ஆட்களும் இங்கேயே தோய்வார்கள், அப்போது ஒன்பது பத்தும் ஆகும், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. இங்கத்தைய கொம்பனிகள் போட்டு வைத்திருக்கும் அட்டவணையில் செத்தவீட்டுக்கு இடமில்லை என்றான் அவன். இந்த வருடம் மட்டும் எத்தனை செத்தவீடு என்று யோகலிங்கம் விரல் மடிக்கத் தொடங்கி, அது பகிடியாக வரவில்லை என்று கண்டு கையைக் கீழே போட்டார். அதற்குப் பிறகுதான் அளவுநாடாவோடு மேலே போனது.

"கொள்ளாது" என்று சொன்னவர் இறங்கி வந்தபோது குருமூர்த்தி தேத்தண்ணீரை முடித்திருந்தான்.

"அப்போ உங்க இஷ்டம்தான் சார். ரூம் முக்கியம்னா காம்பி போடுங்க. ஹாட் வாட்டர் முக்கியம்னா ஸ்டோர் போடுங்க. அந்த ரூம்ல இப்போ யாரு இருக்காங்க?"

யோகலிங்கம் சிவமலரைப் பார்த்தார். சிவமலர் மேசையிலிருந்த வடைத் துணிக்கைகளை உள்ளங்கைக்குள் கூட்டி அள்ளினாள்.

"இப்போதைக்கு ஆருமில்லை மாதிரித்தான்" என்றாள்.

புறப்படும்போது குருமூர்த்தி ஒரு எச்சரிக்கை சொன்னான். தேர்மல் ஸ்டோர் தெருக் குழாயின் வேகத்தை நம்பியிருக்கிற சாமான், பழைய வீடுகளில் ஈயக் குழாய் இருக்கும், ஆகவே காலையில் ஒருமுறை வேகத்தைப் பார்த்துவிடுங்கள் என்றான். காலை வரை காத்திருப்பானேன் என்று யோகலிங்கம் அந்த இடத்திலேயே குசினிக் குழாயைத் திறந்துவிட்டார். தெருவே வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வெறிச்சோடியிருந்த, மத்தியானம் திரும்பிய நேரம். தண்ணீர் இரைந்து விழுந்து அவருடைய சட்டையில் தெறித்தது. "பாரும், நயாகரா" என்றார்.

அக்கா கோயிலிலிருந்து கடலைச் சரையோடு வந்து, மேலே போய்ச் சீலை மாற்றிக்கொண்டு இறங்கி, சாப்பாட்டு மேசையில் இருந்தார். அப்போதுதான் யோகலிங்கத்துக்கு விரித்த தாளை எடுக்க மறந்தது நினைவு வந்தது.

"தம்பி, என்ரை அறையிலை ஆரோ பேப்பர் விரிச்சிருக்கினம். சோறு அங்கையே போடப் போறியள்?"

யோகலிங்கம் எல்லாருக்கும் முந்திச் சிரித்தார். பிறகு தாங்கியைப் பற்றிச் சொன்னார். அதன் நன்மைகளைச் சொன்னார், தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னார். குளியலறைச் சுவரோடுதான் நிற்க வேண்டுமாம் என்று வந்ததும் குரல் தானாகத் தணிந்தது.

"பெரிய சாமானோ?"

"உங்களை விடக் கொஞ்சம் உடம்பு."

"குறட்டை விடுமோ?"

"பம்பு கொஞ்சம் முனகுமாம்."

"அப்ப நாங்கள் ரெண்டு பேரும் ஒரு அறையிலை இருக்கேலாது. வீட்டுக்கு என்ரை குறட்டையே காணும்."

ரமா விழுந்து விழுந்து சிரித்தாள். கிரிஜாகூட உதட்டைக் கடித்தாள். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே, பஸ்ஸில் கேட்ட புதினமொன்றைச் சொல்வதுபோல, பின் தெரு டொலறஸின் தாய்க்கு நகரக் கவுன்சில் கொலியர்ஸ் வூட்டில் ஒரு பிளட் வீடு கொடுத்திருக்கிறதாம் என்றார். வயது போன ஆட்களுக்கென்றே கட்டினதாம், தனிக் குசினி, தனிக் குளியலறை. "எனக்கும் ஒண்டு கேட்டுப் பாருங்கோவன்."

மேசையில் ஒருவரும் நிமிரவில்லை. கொஞ்சம் பிந்தி, சிவமலர் "ஏன் மச்சாள் அப்பிடிச் சொல்லுறியள், நீங்கள் இருக்கிறதாலை எங்களுக்கென்ன குறை" என்றாள். வெளிக்கிட்ட விருந்தாளியின் கோட்டை ஒரு கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போங்கோவன் என்று சொல்கிற குரல் அது. யோகலிங்கம் தண்ணீர் குடித்தார். பெரிய நிம்மதியொன்று தொண்டையால் இறங்கியது. சொல்லக் கூடாததைச் சொல்ல வேண்டியவர்களுக்குப் பதிலாக அக்காவே சொல்லிவிட்டார். சின்ன வயதில் அவர் உடைத்த கண்ணாடிக் கிளாசுகளை அக்காதான் பின்வளவில் புதைப்பார்.

அடுத்த நாளே சிவமலர் டொலறஸிடம் எல்லா விபரமும் கேட்டுவிட்டாள். இப்படிப்பட்ட வேலைகளுக்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருந்தது. இனி வைத்திருக்க எங்களால் ஏலாது, இடமில்லை, வெளியேறத்தான் வேண்டும் என்று வீட்டுக்காரர் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும். தகப்பனைப் பற்றி மகன் சொல்லியிருக்கிறான், மாமியைப் பற்றி மருமகன் சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து எல்லாரும் ஒன்றாகத் தேத்தண்ணீர் குடிப்பார்கள், ஏனென்றால் அது வெறும் நடிப்பு. நடிப்பு என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பதால் அதில் ஒரு குற்றமும் இல்லை. ஒருவேளை அது நடிப்பு இல்லாவிட்டாலும் கண்டுபிடிப்பதற்கு வழியில்லை என்பதுதான் அந்த முறையின் சிறப்பு. யோகலிங்கமும் தன் பங்கை மனப்பாடம் செய்தார். களஞ்சியத்தில் கூடவேலை செய்கிறவர்களுக்கு, அக்கா தனிய இருக்க ஆசைப்படுகிறா, கோயிலுக்கு ஒரு பஸ்தான், இந்த வயதில் ஒரு சுதந்திரம் வேண்டாமா என்று சொல்லிச் சொல்லி, தை மாதம் பிறக்கும்போது தானே நம்பிவிட்டார்.

மாசி மாதம் மழையோடு கவுன்சில் பெண் வந்தாள். நெடிய, களைத்த, நல்ல மனதுக்காரி. மொழிபெயர்ப்பாளர் வர முடியவில்லையாம், தம்பியே சொன்னால் போதும் என்றாள். குடையை வாசலில் சாத்திவிட்டு மேலே ஏறி, சின்ன அறையின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். குளியலறைச் சுவரில் தாங்கி வருகிற இடத்தைக் குருமூர்த்தி பென்சிலால் கோடு போட்டு விட்டிருந்தான். யோகலிங்கம் அந்தக் கோட்டைக் காட்டி, ஹீட்டிங் மாற்றாவிட்டால் பிள்ளைகளுக்கு ஏற்படுகிற கஷ்டத்தை விளக்கினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கோட்டைப் பார்த்து, கட்டிலைப் பார்த்து, யன்னலைப் பார்த்தாள். பிறகு கையை மெல்ல ஒரு கால்வட்டமாகச் சுழற்றிக் காட்டி, கட்டிலை இப்படித் திருப்பி யன்னல் பக்கம் போட்டால் சரிவருமா என்று கேட்டாள். குறை பிடிக்கிற குரலில்லை. உதவி செய்கிறவளின் குரல். உங்கள் அக்காவிடம் கேளுங்கள், அப்படிப் போட்டால் இங்கேயே இருக்க அவவுக்கு விருப்பமா?

அக்கா கட்டில் விளிம்பில், கம்பளிச் சட்டைக்கு மேலே சால்வை போர்த்து, மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். யோகலிங்கம் கேள்வியைத் தமிழில் மாற்றுவதற்காக வாயைத் திறந்தார். அந்தக் கேள்வி தமிழில் வரமாட்டேன் என்றது.

"எனக்கு விளங்கினது" என்றார் அக்கா. கவுன்சில் பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, வானிலை பற்றிக் கதைக்கிற மாதிரி ஆறுதலாகச் சொன்னார்: "நீ பேப்பர் விரிச்ச அண்டைக்கே நான் சாண் போட்டுப் பாத்திட்டன் தம்பி. காணும். ரெண்டுக்கும் தாராளமா இடம் காணும். அதை இவவுக்குச் சொல்லிப்போடாதை. ஏலாது எண்டு சொல்லு."

யோகலிங்கத்துக்கு ஒரு பகிடி தேவைப்பட்டது, எந்தப் பகிடியானாலும் பரவாயில்லை.

என்ன சொல்கிறா என்று கவுன்சில் பெண் கேட்டாள்.

நீளமாகச் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருந்தது. இடம் போதாதாம் என்று யோகலிங்கம் ஆங்கிலத்தில் சொன்னார். அவள் அவரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள். சந்தேகம் அவள் முகத்தில் வந்து இருக்க இடம் தேடுவதைக் கண்ட அக்கா, லண்டனுக்கு வந்து சேர்த்த ஆங்கிலம் முழுவதையும் அந்த இடத்தில் செலவழித்தார்.

"நோ றூம், மிஸ். டாங்க் கம்மிங்."

சித்திரை முடிவில் பிளட் கிடைத்தது. டொலறஸின் தாய் இருக்கிற அதே கட்டடம், இரண்டாம் மாடி. அக்காவின் சாமான் ஒரு மினிகாப் காரின் பின்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. வாளிகளை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார், அங்கே புதுசு வாங்குவதாக. அடுத்த கிழமை குருமூர்த்தியும் ஒரு போலந்துக்காரனும் தாங்கியைப் படிக்கட்டால் ஏற்றினார்கள். வெள்ளைத் தகரச் சட்டை போட்டு, உள்ளே நுரைப்போர்வை போர்த்து, கட்டிலிருந்த இடத்தில் அது போய் நின்றது. யோகலிங்கம் அதன் தோளில் தட்டி, அக்கா மாதிரிக் கதை சொல்லாது, நல்ல ஆள் என்றார். போலந்துக்காரனுக்கு விளங்கவில்லை. குருமூர்த்திக்கு விளங்கியது போலிருந்தது, அவன் சிரிக்கவில்லை.

முதல் திங்கட்கிழமை காலை கிரிஜா ஷவரைத் திறந்தபோது கொதிக்கக் கொதிக்க, நூல் மாதிரித் தண்ணீர் வந்தது. செவ்வாயும் அப்படித்தான். தெருவில் எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கிற நேரம் அது. குருமூர்த்தி வந்து, தரைப் பலகையைக் கிளப்பி, அடுத்த வீட்டோடு பங்கு போட்டு வருகிற சுண்டுவிரல் பருமன் ஈயக் குழாயைக் காட்டினான். "காலையில பாருங்கன்னு அன்னிக்கே சொன்னேனே சார்" என்றான். தாங்கி நிறையச் சூடு இருக்கிறது, வெளியே வரத்தான் வழியில்லை. பழைய உருளையென்றால் கூரைக்குக் கீழேயிருந்த தொட்டித் தண்ணீர் பாரத்தில் தள்ளிவிட்டிருக்கும், அந்தத் தொட்டியைத்தான் இனித் தேவையில்லையென்று கழற்றிக் குப்பைக்கு அனுப்பியாயிற்று. தெருவைத் தோண்டிப் புதுக் குழாய் போடும் வரைக்கும் பிள்ளைகள் இரவிலேயே வாளிகளை நிரப்பி வைத்து, காலையில் தொட்டிக்குள் குந்தியிருந்து, கோப்பையால் அள்ளிக் குளித்தார்கள். செத்தவீட்டுக்குப் போய் வருகிற பத்துப் பேருக்குப் போதுமான சூட்டைத் தாங்கி இராப்பகலாக வைத்துக்கொண்டு நின்றது. அந்த வீட்டில் எப்போதும் குளிர் பிடித்துக் கிடந்த சின்ன அறை, இப்போது வீட்டிலேயே சூடான அறை.

கிரிஜாவுக்கு அது முதலில் தெரிந்தது. புரட்டாதி பிறந்து குளிர் தொடங்கியதும், இனி ரமாவோடு ஒரு அறையில் இருக்க மாட்டேன் என்று சண்டை பிடித்து, ஒரு சனிக்கிழமை தகப்பன் வேலையால் வருவதற்குள், தங்கையின் உதவியோடு தன் கட்டிலை இழுத்துக்கொண்டுபோய் யன்னலோடு போட்டுவிட்டாள். யோகலிங்கம் மேலே ஏறி வந்தபோது அறை வாசலில் சிவமலர் துவைத்த துணிக் கூடையோடு நின்றாள். கதவு முக்கால்வாசி திறந்திருந்தது. உள்ளே தாங்கி, கட்டில், நடுவில் ஒரு கதிரை. கதிரையில் கிரிஜாவின் பாடசாலைப் பை.

"கொள்ளுது" என்றாள் சிவமலர்.

யோகலிங்கம் யன்னல் பக்கச் சுவரைப் பார்த்தார்.

"நீங்கள் அளந்தனீங்கள் தானே?"

"உமக்கு விருப்பமில்லை எண்டு..."

"எனக்கு விருப்பமில்லைத்தான்." சிவமலர் கூடையைக் கீழே வைத்தாள். "ஒவ்வொரு நாளும் வேலையாலை வந்து என்ரை குசினியிலை எனக்கு நிக்க இடமில்லாமல் இருந்தது. ஆனால் நான் அண்டைக்குக் கேள்விதான் கேட்டனான். கொள்ளும் எண்டிருந்தால் அவ இருந்திருப்பா. நானும் முணுமுணுத்துக்கொண்டு இருந்திருப்பன். இவ்வளவு காலமும் நான்தான் அந்த மனிசியைக் கலைச்சனான் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறன்."

கூடையை எடுத்துக்கொண்டு அவரைச் சுற்றி இறங்கிப் போனாள். தாங்கியின் பம்பு முனகத் தொடங்கியது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, அவர் தனியாகக் கொலியர்ஸ் வூட்டுக்குப் பஸ் ஏறினார். மேல்தட்டில் முன் இருக்கையில் இருந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தார். அக்கா, வீட்டை வாங்கோ. கிரிஜாவின்ரை கட்டிலை நான் எடுப்பிக்கிறன். மூன்றாவது முறை சொல்லும்போது மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. பிறகு வாய்க்குள் வெறுமனே "வாங்கோ" என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். அதுவும் பிழையாகத்தான் இருந்தது.

பிளட் துப்புரவாக இருந்தது. துப்புரவு மட்டும்தான் இருந்தது என்றும் சொல்லலாம். அக்கா மெலிந்திருந்தார். தம்பியைக் கண்டதும், பஸ் பிழைச்சு வந்திட்டியோ என்று கேட்டார். பிறகு ரொட்டி சுடுகிறேன், இருந்து தின்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மா குழைக்கப் போனார். ஒருவரும் இங்கே கதைக்க வருவதில்லையா என்று யோகலிங்கம் கேட்டார். டொலறஸின் தாய்க்கு இப்போது காது கேட்காது, பகிடி ஒவ்வொன்றையும் மூன்று தரம் சொல்ல வேண்டியிருக்கிறது, மூன்றாந்தரம் சொல்லும்போது தனக்கே சிரிப்பு வருவதில்லை என்றார் அக்கா. பிறகு திரும்பி மாவைக் குழைத்தார். சொல்வதென்றால் அதுதான் நேரம். யோகலிங்கம் எழுந்து, முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று குளியலறைக்குள் போனார்.

உள்ளே இருட்டு. லண்டன் குளியலறைகளில் லைற்றுக்குக் கயிற்றைத்தான் இழுக்க வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் கையில் தட்டுப்பட்ட கயிற்றைப் பிடித்து இழுத்தார். லைற் எரியவில்லை. எங்கோ மணியடித்தது. இன்னொரு தரம் இழுத்தார். வரவேற்பறை வெளிச்சத்தில் பார்த்தால் கையில் இருந்தது சிவப்புக் கயிறு. நிலத்தைத் தொடுகிற நீளம், விழுந்து கிடக்கிறவரும் எட்டிப் பிடித்து உதவிக்கு ஆள் கூப்பிடக்கூடியதாக. கட்டிலறைச் சுவரிலிருந்த பெட்டியொன்று கரகரத்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், அக்காவின் பெயரை மூன்று துண்டாக உடைத்துக் கூப்பிட்டு, என்ன நடந்தது, விழுந்துவிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டது.

மாக் கையோடு அக்கா ஓடி வந்தார். குளியலறை வாசலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியைக் கண்டார். பெட்டிக்குக் கிட்டப் போய், வாயை அதன்மேல் வைக்கிற மாதிரிக் குனிந்து சொன்னார்.

"ஓல் றைற், மேடம். நோ ஃபோல். ஒன்லி பிறதர்."

நிச்சயமாக ஒன்றுமில்லையா என்று பெட்டி கேட்டது. ஆள் அனுப்பவா?

அக்கா திரும்பினார். நெற்றியில் மா ஒட்டியிருந்தது.

"ஆளனுப்பவோ எண்டு கேக்கிறாள்" என்றார். "நீ சொல்லு தம்பி. என்ன சொல்ல?"

பெட்டியில் ஒரு சின்ன வெளிச்சம் அணையாமல் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. குசினி அடுப்பில் காயவைத்த ரொட்டிக்கல் புகையத் தொடங்கியது. யோகலிங்கம் இன்னும் கயிற்றை விடவில்லை.